மைனாவின் கழுத்துப் பட்டை

பட்டர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றபோது அவர் கையில் ஒரு நாயின் கழுத்துப் பட்டை இருந்தது.

தோல் பட்டை. அதில் அலுமினிய வில்லை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. விபூதி வாங்குகிறவர் மாதிரி உள்ளங்கையை விரித்து, அதன்மேல் பட்டையை வைத்திருந்தார். இடுப்பில் ஈர வேஷ்டி. நெற்றியில் பூசியது வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியிருந்தது. காலைப் பூஜை முடித்த கோலத்திலேயே ஓடி வந்திருக்கிறார்.

அது சைக்கிள் உரிமம் புதுப்பிக்கும் மாதம். என் பிரிவில் வரிசை வாசல்வரை நின்றது. பட்டரைப் பார்த்ததும் வரிசை தானாக விலகியது. அவர்கள் ஈர வேஷ்டியைப் பார்த்து விலகினார்கள். நான் பட்டையைப் பார்த்தேன்.

தோல் செருப்புப் போடாதவர் அவர். ரப்பர் செருப்பைக்கூட வாசற்படிக்குச் சற்று முன்பே கழற்றிவிடுவார். அந்தக் கையில் அந்தப் பட்டை இருக்கிறதென்றால் என்ன நடந்திருக்கும் என்பதில் பாதி எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"சார், மைனாவைப் பிடிச்சுண்டு போயிட்டா" என்றார்.

பட்டையை என் மேஜைமேல், மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

நாய்க்கும் உண்டு வில்லை

சென்ற வாரம் இந்தப் பகுதியில் சைக்கிள் வில்லைகளைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகர், நாய்க்கும் வில்லை இருந்ததாமே, அது கேலியா நிஜமா என்று கேட்டிருக்கிறார். நிஜம்தான். கேலி பிற்பாடு ஜனங்களாகச் சேர்த்துக்கொண்டது.

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஊரில் எது நகர்ந்தாலும் அதற்கு உரிமம் கொடுக்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள், கைவண்டி, மாட்டு வண்டி, நாய். நான்கும் என் பிரிவில்தான் வந்தன. ஓய்வு பெறும்வரை நான்கையும் ஒரே மரியாதையோடு நடத்தினேன்.

நாய் வளர்க்கிறவர் மனுக் கொடுக்க வேண்டும். நிறம், ஆணா பெண்ணா, அங்க அடையாளம் எல்லாம் எழுத வேண்டும். வெறிநாய்த் தடுப்பு ஊசி போட்டதற்கு மாட்டாஸ்பத்திரி டாக்டரின் கையெழுத்து வேண்டும். இவ்வளவும் ஆனபின் வில்லை கிடைக்கும். வில்லை நாயின் கழுத்தில் இருக்க வேண்டும். வீட்டில் இருந்தால் செல்லாது. இந்தக் கடைசி வரியை எழுதியவர் யாரென்று தெரியவில்லை. அவருக்கு நாய்களைவிட மனிதர்களை நன்றாகத் தெரிந்திருந்தது.

வில்லை இல்லாமல் தெருவில் திரிகிற நாயை வண்டி வந்து பிடித்துப் போகும். அந்த வேலை என் பிரிவு அல்ல, சுகாதாரத்தாருடையது. பிடித்த நாயின் கழுத்தில் வில்லை இருந்தால் சொந்தக்காரருக்குச் சொல்லி அனுப்பி, அவர் வரும்வரை வைத்திருக்க வேண்டும். வில்லை இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதில்லை. சீக்குப் பிடித்ததென்று தெரிந்தால் மற்றவற்றோடு அடைக்காமல் உடனே முடித்துவிட வேண்டும்.

ஊர் முழுக்க நாய்கள். வில்லை வாங்கியவை மிகச் சில. வக்கீல் வீட்டு அல்சேஷன், மில் மேனேஜர் பங்களாவில் இரண்டு, மிஷன் பள்ளிக்கூடத்துக் காவல் நாய் என்று அது ஒரு சிறிய உயர்குலம். தெருவில் பிறந்து அந்தக் குலத்தில் சேர்ந்தது மைனா ஒன்றுதான். சேர்த்துவிட்டவன் நான்.

பைரவர் வாகனம்

அப்போது நாங்கள் சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். எதிர் வரிசையில் கணேச பட்டர் வீடு. ரயில் பெட்டி மாதிரி நீண்ட வீடு. வாசலில் நுழைந்தால் ரேழி, பிறகு கூடம், பூஜை அறை, அடுக்களை, கடைசியில் கொல்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் துப்புரவுக்காரர்கள் வந்து போகிற பின்சந்து.

பட்டருக்கு ஆற்றுப் பக்கத்தில் ஒரு சின்ன சிவன் கோயிலில் பூஜை. மூலவரைத் தேடி வருகிறவர்களைவிட அங்கிருந்த பைரவரைத் தேடி வருகிறவர்கள் அதிகம். அந்த வாசலில் ஒரு மழை நாளில் கிடந்த குட்டிதான் மைனா. கறுப்பு உடம்பு. கண்ணைச் சுற்றி மைனாவுக்கு இருக்கிற மாதிரி மஞ்சள். அது பட்டருக்குப் பின்னாலேயே நடந்து வந்து கொல்லையில் தங்கிவிட்டது.

பட்டர் வீட்டில் நாயா என்று சந்து கேட்டது. பைரவர் வாகனம் என்று பட்டர் பதில் சொன்னார். வாகனம் ஆண் நாய் அல்லவா என்று நான் ஒருநாள் கேட்டு வைத்தேன்.

"சாஸ்திரம் அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை சார்" என்றார் யோசிக்காமல்.

விதிகளோடு வாழ்ந்தவன் நான். விதி வாய் திறக்காத இடத்தில் மனிதர்கள் எப்படிக் குடித்தனம் நடத்துவார்கள் என்பது எனக்குத் தெரியும். மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆனால் வாகனத்தின் எல்லை கொல்லையோடு சரி. சாதம் கொல்லையில், தூக்கம் கொல்லையில். காலையில் பட்டர் கிளம்பும்போது பின்சந்து வழியாகச் சுற்றி ஓடி வந்து, தெருமுனையில் அவரோடு சேர்ந்துகொள்ளும். அவர் வாய்க்குள் மந்திரம் சொல்லிக்கொண்டு போவார். திரும்பிப் பார்க்கிற வழக்கம் இல்லை. கோயில் படியில் பூக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, பூஜை முடிந்ததும் அவரோடு திரும்பும். இதற்காகவே நான் மனு எழுதிக் கையெழுத்து வாங்கி வில்லையை வரவழைத்துக் கொடுத்தேன். மங்களம் மாமி பட்டை வாங்கச் சொன்னார். கடையில் தோலில்தான் பட்டை இருந்தது.

மங்களம் மாமி பட்டரின் மனைவி. அவருக்குப் பல பிரசவங்கள், தங்கியது மூன்று. அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது கர்ப்பமாக இருந்தார். அடுத்த சில வருடங்களில் நான் அவரை எப்போது பார்த்தாலும் ஒன்று கர்ப்பமாக இருந்தார் அல்லது கைக்குழந்தையோடு இருந்தார் அல்லது இரண்டும் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மைனாவும் வருடத்துக்கு இரண்டு ஈற்றுப் போட்டது. ஆண் குட்டிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போக ஆள் இருந்தது. பெண் குட்டிகளைக் கேட்க யாரும் வருவதில்லை. கண் திறப்பதற்கு முன்பே அவற்றைச் சாக்கில் போட்டு, வண்டிக்காரர் ஒருவரிடம் கொடுத்து ஆற்றுக்கு அக்கரையில் விட்டு வரச் சொல்வார் பட்டர். அக்கரையில் அவற்றுக்கு யார் இருந்தார்கள் என்று பட்டரும் கேட்டதில்லை, வண்டிக்காரரும் சொன்னதில்லை.

அதன்பிறகு மைனா பின்சந்துக் கதவருகே படுத்துவிடும். மடி கனத்துப் பால் தானாகச் சொட்டும். கொல்லைக் கல்லில் அது காய்ந்து புளித்த வாடை எங்கள் மாடிவரை வரும். மாமி தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவுவார். மறுநாளும் கழுவுவார்.

அந்தச் சொல்

இப்போது நான் இருக்கும் ஒத்தக்கடையில் பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் தம் பொமரேனியனுக்குக் கருத்தடை செய்து கூட்டி வந்தார். காலையில் ஆட்டோவில் கொண்டு போனார், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டார். பல் பிடுங்கிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. நாய் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

நான் சொல்கிற காலத்தில் ஆபரேஷன் என்றாலே ஊர் வேறு ஒன்றை நினைத்தது. சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம். அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஆள் பிடித்து வரும் கடமை இருந்தது அல்லது இருப்பதாகச் சொல்லப்பட்டது. கிராமத்துச் சந்தையில் ஜீப் சத்தம் கேட்டால் ஆண்கள் சோளக்காட்டுக்குள் இறங்கிவிடுவதாகப் பேசிக்கொண்டார்கள். எங்கள் அலுவலகத்தில் கேட்டதில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்று பிரிக்க என்னிடம் படிவம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் மங்களம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக அவர் என் மனைவியிடம்தான் பேசுவார். அன்று நேராக என்னைக் கேட்டார்.

"மனுஷாளுக்கெல்லாம் ஆபரேஷன் பண்றாளே. நாய்க்கு உண்டா?"

உண்டு, ஆனால் இங்கே யாரும் செய்துகொள்வதில்லை என்றேன். ஏன் கேட்கிறீர்கள் என்றாள் என் மனைவி.

மாமி சற்று நேரம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, "போதும்னு எனக்காகச் சொல்ல யாரும் இல்லை. அவளுக்கு நான் இருக்கேன்" என்றார்.

என் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் விதிகளை யோசித்தேன். நாய்க்குக் கருத்தடை செய்வதற்கு விதி எதுவும் இல்லை. தடுக்கவும் இல்லை. என் உத்தியோக காலத்தில் அப்படி ஒரு வெற்றிடத்தை நான் அபூர்வமாகத்தான் சந்தித்திருக்கிறேன்.

மாட்டாஸ்பத்திரியில் செல்லையா என்று ஒரு இளம் டாக்டர் இருந்தார். சோழவந்தான் பக்கம். அப்பாவும் அம்மாவும் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்துப் படிக்க வைத்திருந்தார்கள். என்னை அண்ணே என்பார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தார்.

"காளைக்குக் காயடிக்கச் சொல்லுங்க, கண்ணை மூடிக்கிட்டு அடிச்சிருவேன். பொட்ட நாய்க்கு வயித்தத் தொறக்கணும் அண்ணே. நம்ம ஊர்ல எவன் கேட்டு வந்திருக்கான்?"

"படிச்சிருக்கீங்கள்ல?"

"படிச்சேன். வாத்தியார் அறுத்தாரு, நான் லைட்டப் பிடிச்சேன்."

உயிருக்கு ஆபத்து உண்டு என்பதை அந்த அம்மாளிடம் சொல்லிவிடுங்கள் என்றார். சொன்னேன். போனால் என் மடியில் போகட்டும் என்று மாமி பதில் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டபின் செல்லையா மறுக்கவில்லை. பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்துவர ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் வந்தார்.

செய்தி டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. "பட்டர் வீட்டு நாய்க்கும் ஆபரேசனாமே, டிரான்சிஸ்டர் குடுத்தாகளா?" என்று என்னைக் கேட்டார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அப்போது டிரான்சிஸ்டர் ரேடியோ பரிசு. ஒருத்தர், "அம்புட்டு மனுசனையும் முடிச்சாச்சு மாப்ள, இனி நாய், பூனை, கோழிதான்" என்றார். பட்டரைக் கோயில் வாசலிலேயே கேட்டார்கள். அவர் அன்று பைரவருக்கு வடைமாலை சாத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தார். ஆபரேஷனில் மைனா பிழைக்க வேண்டும் என்றா, செய்கிற பாவம் கழிய வேண்டும் என்றா என்பதை அவர் சொல்லவில்லை.

உள்ளே வந்த மைனா

மாட்டாஸ்பத்திரியில் மேஜை கிடையாது. மருந்துப் பெட்டிகள் வைக்கிற பெஞ்சைக் கழுவி, மேலே தகரம் விரித்தார்கள். சாணியும் டெட்டாலும் கலந்த வாடை. மயக்க ஊசி போட்டபின் மைனாவின் நாக்கு ஒரு பக்கமாகச் சரிந்ததைப் பார்த்துவிட்டு மாமி வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். செல்லையாவின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டாமல் துடைத்துக்கொண்டிருந்தது என் வேலை. அரசாங்கக் கைக்குட்டை அல்ல, என் சொந்தக் கைக்குட்டை.

வயிற்று முடியைச் சுத்தமாகச் சிரைத்திருந்தார். கடைசித் தையலும் போட்டு, ஊதா மருந்தை அள்ளிப் பூசிவிட்டு நிமிர்ந்தபோது, "பிழைச்சிரும் அண்ணே" என்றார். அவர் குரலில் ஆச்சரியம் இருந்தது.

பட்டர் வீட்டுக் கொல்லைவரை வந்து பத்தியம் சொன்னார். கொல்லையில் விடக்கூடாது, சேறும் ஈயும் புண்ணைக் கெடுத்துவிடும். தையல் பிரிக்கும்வரை காய்ந்த தரையில், வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். முதலில் துணிக்கட்டு, புண் காயத் தொடங்கியதும் கட்டைப் பிரித்துக் காற்றுப்பட விடலாம். வெளியே மட்டும் அனுப்பக்கூடாது.

வீட்டுக்குள் என்றதும் எல்லோரும் பட்டரைப் பார்த்தோம்.

"பைரவர் வாகனம். வரட்டும்" என்றார். பிறகு, "ஆனா தோல் உள்ளே வரப்படாது" என்றார்.

மாமி உடனே பட்டையைக் கழற்றிக் கொல்லைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். வில்லையும் பட்டையோடு ஆணிக்குப் போயிற்று. வீட்டுக்குள் இருக்கிற நாய்க்கு வில்லை வேண்டியதில்லை. விதியும் அதைத்தான் சொல்கிறது.

மைனா ரேழியில் குடியேறியது. பட்டரின் பழைய வேஷ்டியைக் கிழித்து வயிற்றுக்குக் கட்டியிருந்தார்கள். மாமி அதன் தலைமாட்டில் உட்கார்ந்து அரிசி பொறுக்குவார், பூத் தொடுப்பார். மோர்சாதத்தைக் கையில் எடுத்து ஊட்டுவார். ரேழியின் சிவப்புத் தரையில் ஊதாக் கறை பட்டிருந்தது. அதை அவர் கழுவவில்லை. அந்த நாட்களில் ஒருமுறை அந்த வீட்டிலிருந்து மாமி சிரிக்கிற சத்தம் கேட்டது. யாரது என்று என் மனைவி எட்டிப் பார்த்தாள். அவர் சிரித்து அதற்குமுன் நாங்கள் கேட்டதில்லை.

செல்லையா மாலையில் சைக்கிளில் வந்து பார்த்துப் போவார். பின்சந்து வழியாகத்தான் வருவார். தோல் பையை ஹாண்டில்பாரிலேயே விட்டுவிட்டு, பஞ்சும் மருந்தும் மட்டும் துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு கொல்லையில் நிற்பார். மாமி மைனாவைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுவார். அப்படி வரச்சொல்லி அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்துகொள்ளும்படிதான் நம் ஊர் பிள்ளைகளை வளர்க்கிறது, டாக்டருக்குப் படித்தாலும்.

ஒருநாள் கட்டையும் பிரித்தாயிற்று. நாளை சாயங்காலம் வந்து தையலைப் பிரித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வில்லை இருக்கு

அந்த நாளைதான் பட்டர் என் மேஜைக்கு முன்னால் நின்ற நாள்.

நடந்தது இவ்வளவுதான். காலையில் அவர் வாசல் கதவைத் திறந்திருக்கிறார். உடம்பு தேறிய மைனா அவர் காலுக்குப் பக்கத்தில் நுழைந்து வெளியேறிவிட்டது. வழக்கம்போல அவர் பின்னாலேயே நடந்தது. வழக்கம்போல அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கோயில் படியில் பூக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அங்கேதான் வண்டி வந்தது.

இது சாமி வீட்டு நாய் என்று பூக்காரி சத்தம் போட்டிருக்கிறாள். கழுத்தில் வில்லை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். பட்டர் வெளியே வந்ததும் அவள் அழுதுகொண்டே, "பூ நாரையாவது எடுத்துக் கழுத்துல கட்டிவிடலாம்னு பாத்தேன் சாமி, அதுக்குள்ள தூக்கிப் போட்டுட்டாய்ங்க" என்றாளாம்.

அவர் ஓடினார். பின்சந்து வழியாகக் கொல்லைக்குள் நுழைந்து ஆணியிலிருந்து பட்டையை எடுத்திருக்கிறார். மைனாவைக் காணாமல், அவரோடுதான் போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்த மாமி, பூஜைக்குக் கட்டிய மடி வேஷ்டியோடு அவர் தோலைத் தொடுவதை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தார். யாரும் அவருக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் சட்டைப் பையில் அலுவலக முத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கை ஒட்டி நாய்க் கொட்டடி. ரிக்‌ஷாவில் போகும்போது வழியெல்லாம் பட்டருக்கு விதியை விளக்கினேன். மைனாவின் மனு நம்மிடம் இருக்கிறது, வில்லை நடப்பு வருடத்தது, மறுக்க முடியாது என்றேன். என் குரல் எனக்கே தைரியமாகக் கேட்டது. பட்டர் கட்டை விரலால் வில்லையைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

கொட்டடியில் முத்து இருந்தார். நாய் பிடிக்கிறவர்களுக்கு மேஸ்திரி, எனக்குப் பழக்கமானவர். உள்ளே பிடித்த நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. எவ்வளவு சத்தமோ அவ்வளவு நம்பிக்கையாக இருந்தது எனக்கு.

"என்ன நெறம் சார்?"

"கறுப்பு. கண்ணைச் சுத்தி மஞ்சள்" என்றேன்.

முத்து பட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வயித்துல தையல் போட்டதா?"

வில்லையைத் தேய்த்துக்கொண்டிருந்த பட்டரின் விரல் நின்றது.

"வயித்துல முடி இல்ல சார். ஊதா மருந்து வேற அப்பிக் கெடந்துச்சு. நாய்க்கு இப்பிடித் தையல் போட்டு நாங்க எங்க பாத்திருக்கோம். என்னமோ பெரிய சீக்கு, மத்ததுக்கு ஒட்டிக்கிரும்னு அதத்தான் மொதல்ல முடிச்சோம்."

அவர் சொன்னதில் தவறு தேடிப் பார்த்தேன். வில்லை இல்லை, எனவே காத்திருக்க வேண்டியதில்லை. சீக்கு என்று தோன்றியது, எனவே உடனே. பட்டர் வீட்டில் தோல் உள்ளே வரக்கூடாது. நாய் வெளியே இருக்கக்கூடாது என்றார் டாக்டர். ஒவ்வொருவரும் விதிப்படி நடந்திருந்தார்கள். அந்த ஊரில் அன்று இத்தனை அக்கறையோடு பார்த்துக்கொள்ளப்பட்ட நாய் வேறு எதுவும் இருந்திருக்காது. அந்த அக்கறையின் தழும்பைப் பார்த்துத்தான் அதை முதலில் எடுத்திருக்கிறார்கள்.

முடித்தவற்றைச் சுண்ணாம்புக் குழிக்கு அருகே கிடத்தியிருந்தார்கள். உடலை யாருக்கும் கொடுப்பதில்லை. பட்டரிடம் அதை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவர் என்னைத் தாண்டி நடந்தார். மைனாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பட்டையை அதன் கழுத்தைச் சுற்றிப் போட்டார். அதற்குமுன் அவர் அதை மாட்டியதில்லை. கொக்கியில் எந்தப் பக்கம் நுழைப்பதென்று அவர் விரலுக்குத் தெரியவில்லை. முத்து உதவிக்குக் குனிந்தார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அவரே மெதுவாக மாட்டி முடித்தார்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், இப்ப வில்லை இருக்கு."

வில்லை உள்ள நாயைச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். உயிருள்ள நாயை என்று அந்த விதியில் எங்கும் எழுதவில்லை. நான் முத்துவிடம் அதைச் சொன்னேன். முத்து ஒன்றும் கேட்கவில்லை. முத்திரை என் பையிலேயே இருந்தது.

தையல்

பட்டர் மைனாவைத் தம் மேல்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். சந்துக்குள் வந்ததும் ரிக்‌ஷாவைப் பின்பக்கம் திருப்பச் சொன்னார். வாசலில் மாமி நின்றுகொண்டிருந்தார்.

"முன்வழியா வாங்கோ."

"மங்களம், பட்டை இருக்கு" என்றார் பட்டர்.

"இருக்கட்டும்."

ரேழி வழியாக, கூடம் வழியாக, பூஜை அறையைத் தாண்டிக் கொல்லைக்குக் கொண்டு போனார்கள். பவழமல்லிக்கு அருகே குழி வெட்டியாயிற்று. பட்டர் அடக்கிவிடலாம் என்றார். சாயங்காலம் டாக்டர் வருகிறேன் என்றிருக்கிறார், வரட்டும் என்றார் மாமி. பட்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாமிக்கு நினைவு தடுமாறிவிட்டது என்றே நினைத்தேன். அவர் ஈ ஓட்டிக்கொண்டு மைனாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை.

வெயில் இறங்கியபின் பின்சந்தில் சைக்கிள் மணி கேட்டது. நான் ஓடிப்போய்க் கதவருகேயே செல்லையாவிடம் சொன்னேன். அவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். துணியில் சுருட்டிய கத்தரிக்கோல் கையில் இருந்தது.

"நான் போறேன் அண்ணே" என்றார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள வர?"

மாமிக்கு அது கேட்டிருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டார்.

"டாக்டர், அங்கே நிக்காதீங்கோ. சுத்திண்டு முன்வழியா வாங்கோ. பையையும் எடுத்துண்டு வாங்கோ."

செல்லையா என்னைப் பார்த்தார். நான் பட்டரைப் பார்த்தேன். பட்டர் உள்ளே போய் வாசல் கதவை இரண்டு பக்கமும் திறந்துவைத்தார்.

செல்லையா அந்த வீட்டுக்குள் முதல்முறையாக முன்வாசல் வழியாக வந்தார், தோல் பையோடு. ரேழியில் ஊதாக் கறை பட்ட இடத்தை மிதிக்காமல் சுற்றி நடந்தார். கொல்லையில் மைனாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"தையலோட அனுப்பப்படாது" என்றார் மாமி. "பிரிச்சுடுங்கோ."

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. மாமி விளக்கை எடுத்துவந்து தாழ்த்திப் பிடித்தார். செல்லையா ஒவ்வொரு தையலாக முடிச்சைத் தூக்கி, கத்தரித்து, வலிக்காமல் இழுக்கிற மாதிரி இழுத்தார். கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. கடைசி இழையையும் எடுத்துப் பஞ்சில் வைத்தார்.

"ஆறியிருக்கா?" என்று கேட்டார் மாமி.

செல்லையா விரலை வைத்து, தழும்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்திப் பார்த்தார். உயிருள்ள நாய்க்குப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"நல்லா ஆறிருச்சும்மா" என்றார்.